‘ஆக்சுவலி’யும் மூன்று நாள் பிரெட்டும்

ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று அகராதிகளைப் புரட்டி அர்த்தம் சொல்லி, எதிர்வீட்டில் காலைச் சமையலையே நிறுத்தியவன் நான். ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, முழு நினைவோடு செய்த காரியம் இது. சின்ன வயதில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. போன வருடம்தான் நடந்தது.

நான் மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுகிறவன். ‘உங்கள் சரக்கில் ஈரம் அதிகம்’ என்று ஐரோப்பாவிலிருந்து யாராவது எழுதினால், ‘ஈரம் எங்களுடையதல்ல, கடலுடையது’ என்று பணிவாகப் பதில் எழுதுவது என் தொழில். இதனால் எங்கள் சந்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கார்ப்பரேஷன் நோட்டீஸ், ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், வாஷிங் மெஷின் கையேடு என்று ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டும். வாஷிங் மெஷின் கையேட்டை நான் படித்து விளக்கிய வீட்டில் இன்றைக்கும் கையால்தான் துவைக்கிறார்கள். அப்படியும் பெயர் போகவில்லை.

எதிர்வீட்டில் ஒரு தம்பதி. கணவர் கொச்சியிலேயே பிறந்தவர். தமிழ் பேசுவார், மலையாளத்தில்தான் படிப்பார். பஜார் ரோட்டில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடையில் வேலை. என்னை ‘சேட்டா’ என்பார். அவர் மனைவி திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். இருபது வருடம் கொச்சித் தண்ணீர் குடித்தும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கு நான் ‘அண்ணாச்சி’. ஒரே வாசலில் நின்றுகொண்டு இருவரும் என்னைக் கூப்பிட்டால், வழியில் போகிறவர்கள் இரண்டு ஆட்களைக் கூப்பிடுவதாக நினைப்பார்கள்.

பிள்ளைகள் படிக்கப் போன பிறகு மாடியில் இருந்த ஒரே அறைக்கு வெள்ளை அடித்து, கொசுவலை கட்டி, வாசலில் ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டினார்கள். பலகை மாட்டிய அன்றே சண்டை. காலையில் விருந்தாளிக்கு என்ன கொடுப்பது?

கணவருக்குச் சந்தேகமே இல்லை. வெளிநாட்டுக்காரர் என்றால் பிரெட், வெண்ணெய், ஆம்லெட். ஃபோர்ட் கொச்சியில் எல்லா ஹோம்ஸ்டேயிலும் அதுதான். யாரையும் கேட்காமல் ஒரு டோஸ்டர் வாங்கி வந்து சமையலறை மேடையில் வைத்துவிட்டார்.

மனைவிக்கு இடியாப்பமும் சொதியும். சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்ந்து, கொதிக்காமல் கொதிக்கிற ஒரு குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அக்கம்பக்கத்தில் சிலர் அதை ‘ஸ்டூ’ என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு அவர் இரண்டாவது கரண்டி ஊற்றியதில்லை.

“நாலு பேருக்கு என் கையால சமைச்சுப் போடணும்னு ஒரு ஆசை, அண்ணாச்சி. அதுக்குத்தான் இந்த மாடியக் கட்டி அழுதுக்கிட்டு இருக்கேன். பிரெட்டைச் சுட்டுக் கொடுக்கதுக்கு நான் என்னத்துக்கு? அந்த மிஷினே போதுமே” என்று என்னிடம் சொன்னார்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். முதல் விருந்தாளிக்கு இடியாப்பம் சொதி. அவருக்குப் பிடித்திருந்தால் அதுவே தொடரும். பிடிக்கவில்லை என்றால் டோஸ்டர். அதன் பிறகு பேச்சில்லை.

முதல் விருந்தாளி வந்தார். உயரமாக, வெள்ளையாக, அறுபத்தைந்து வயது மதிக்கலாம். ஆறு நாள் தங்க வந்தவர். வந்த அன்று மாலை நானாகவே போய் அவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினேன். மட்டாஞ்சேரியின் வரலாறு, மிளகின் வரலாறு, எனக்கு நேரம் இருந்ததால் பருவமழையின் வரலாறு. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவர் எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. நல்ல கேட்பாளர் என்று அன்றிரவு என் மனைவியிடம் பாராட்டினேன். “வேற வழி?” என்றாள்.

இரண்டாம் நாள் காலை, சாப்பிட்ட கையோடு அவர் மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். எதிர்வீட்டுக் கணவர் கைப்பேசியோடு என் வீட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே மனைவி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

“சேட்டா, இதொண்ணு நோக்கியே. ரிவ்யூ போட்டிருக்கார்.”

மூன்றே வரி. ரூம் க்ளீன். ஃபேன் குட். பிரேக்ஃபாஸ்ட் ஆக்சுவலி குட்.

“ரூமுக்கு ஆக்சுவலி இல்ல, ஃபேனுக்கு இல்ல. பிரேக்ஃபாஸ்டுக்கு மாத்ரம் எதுக்கு?” என்றார் கணவர். ஒரு வழக்கறிஞரின் முகம்.

“நல்லா இருக்குன்னுதான அண்ணாச்சி போட்டிருக்காரு?” என்றார் மனைவி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அறிவுள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“ஆக்சுவலா, இது அவ்வளவு சுலபமான வார்த்தை இல்லம்மா. சாயங்காலம் சொல்றேன்.”

அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்து அகராதிகளை இறக்கினேன். சொல்லின் கதை எனக்கே பிடித்துப்போயிற்று. லத்தீனில் ஒரு வினைச்சொல். மாட்டை ஓட்டுவதற்கும் அதுதான், காரியத்தை நடத்துவதற்கும் அதுதான். அதிலிருந்து ‘செயல்’ என்று ஒரு பெயர்ச்சொல் பிறந்து, பிரெஞ்சுக்குப் போய், கடலைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்கியது. இறங்கியபோது அதற்குச் ‘செயலில்’ என்று பொருள். வாயால் அல்ல, கையால். பாதிரிமார் பிறவிப் பாவம் என்றும் செய்த பாவம் என்றும் பிரிப்பார்களே, அதில் ‘செய்த’ என்ற இடத்தில் ஆங்கிலத்தில் நிற்பது இந்தச் சொல்லின் தாய்தான். பிறகு, செயலில் நடந்தது என்பது மெல்ல மெல்ல ‘மெய்யாகவே நடந்தது’ என்று ஆயிற்று. பிரெஞ்சில் இருக்கும் இதன் உறவுக்காரச் சொல் மட்டும் ‘இப்போது’ என்று வேறு அர்த்தம் சொல்லிக்கொண்டு தன் வழியில் போய்விட்டது.

அதற்கப்புறம் ஆங்கிலேயர்கள் இதற்கு இன்னொரு வேலை கொடுத்தார்கள். நினைத்தது ஒன்று, நடந்தது வேறு என்றால் நடுவில் இதை வைப்பது. அவன் ஆக்சுவலி வந்துவிட்டான் என்றால், வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள் என்று பொருள். எதிரே இருப்பவர் சொன்னதை மறுக்கும்போது அடி பலமாக விழாமல் இருக்க இதையே மெத்தையாகவும் போடுவார்கள்.

நம் ஊருக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது ஓய்வுபெற்ற பிறகு என்று நினைக்கிறேன். இங்கே அதற்கு அர்த்தம் என்று ஒன்றும் கிடையாது. பழைய ஸ்கூட்டரை மிதித்துக் கிளப்புவதுபோல வாக்கியத்தைக் கிளப்புவதற்கு வைத்திருக்கிறோம். ஆக்சுவலா மழை வரும்போல இருக்கு. ஆக்சுவலா எனக்குச் சாயா வேண்டாம். பொய் என்றால் இன்னும் சுலபமாகக் கிளம்பும். ‘ஆக்சுவலா நான் புறப்பட்டுட்டேன், தோப்பும்படி தாண்டிட்டேன்’ என்கிறவர் தலையில் இன்னும் சோப்பு நுரை இருக்கும். இதையெல்லாம் அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். ஆனால் எழுதியவர் வெள்ளைக்காரர், அவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு எதிர்வீட்டில் பேச்சு. கணவர் நாற்காலியில், மனைவி சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு. லத்தீனிலிருந்து ஆரம்பித்தேன். மாடு ஓட்டும் இடத்தில் கணவர் கொட்டாவி விட்டார். பாவம் வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘நினைத்தது ஒன்று, நடந்தது வேறு’ வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அதாவது, மோசமாயிருக்கும்னு நினைச்சிட்டுத்தான் உட்கார்ந்திருக்கார்.”

“அப்படியும் கொள்ளலாம்.”

“எல்லாஞ் சரி, அண்ணாச்சி” என்றார் மனைவி. “நம்ம பேச்சுல ஒரு வாட்டி சொல்லுங்க. அவரு என்ன சொல்லுதாரு?”

ஒரு கணம் யோசித்தேன். சரியான தமிழ் கிடைத்த சந்தோஷம் வேறு. சொல்லிவிட்டேன்.

“‘நல்லாத்தான் இருக்கு’.”

அவர் முகம் விழுந்தது. தமிழில் ‘நல்லா இருக்கு’ என்பதற்கும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பதற்கும் நடுவே உள்ள இடத்தில் எத்தனை மருமகள்கள் நின்று அழுதிருக்கிறார்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

“எங்க மாமியார் பத்து வருசம் சொன்ன வார்த்தை” என்றார். “அத இவரு போலந்துலயோ எங்கயோ இருந்து வந்து சொல்லணுமாக்கும்.”

போலந்து என்ற சொல் என் காதில் விழுந்தது. விழுந்து, அப்படியே வெளியே போய்விட்டது. வெள்ளையாக இருப்பவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்தது என்ற எண்ணம், இத்தனை புத்தகம் படித்தும், எனக்குள் எங்கோ குடியிருந்திருக்கிறது.

“ஆனா தட்டு காலியாத்தான் வந்துது” என்று கணவரே இறங்கி வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். “வழிச்சுத் தின்னிருக்கார்.”

நான் விட்டேனா. “மேல்நாட்டில் தட்டில் மிச்சம் வைக்கிறது மரியாதைக் குறைவு. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது” என்றேன். எங்கே படித்தேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

அப்படியானால் அவரையே கேட்டுவிடுங்களேன் என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றும். அந்த வீட்டில் அது நடக்காது. சமைத்தவர் சாப்பிட்டவரிடம் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பது, அந்த அம்மாளுக்குப் பாராட்டைக் கையேந்தி வாங்குவதற்குச் சமம். ‘இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?’ என்று கேட்கலாம். வேண்டாம் என்றாலும் வைக்கலாம். மற்றதைத் தட்டு சொல்லிவிடும். தட்டு சொன்னதைத்தான் நான் செல்லாது என்று தள்ளுபடி செய்துவிட்டேனே.

மறுநாள் காலை எதிர்வீட்டிலிருந்து இஞ்சி வாசனைக்குப் பதிலாகப் பிரெட் கருகும் வாசனை வந்தது. இடியாப்ப அச்சைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவிட்டார் என்று கணவர் சொன்னார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. வீட்டில் ஆளுக்கு ஒரு சமையல் கிடையாது என்று அவருக்கும் அதே பிரெட்தான். கடைக்குப் போகிற வழியில் பொரோட்டா சாப்பிடுவதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

“அவள்ட்ட சொல்லண்டா, கேட்டோ.”

அதற்கடுத்த நாளும் பிரெட். அந்த அம்மாள் வாசலில் என்னைப் பார்த்தால் சிரித்தார், ஆனால் நின்று பேசவில்லை. மாடியிலிருந்து சத்தமே கேட்கவில்லை. முதல் இரண்டு நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்த விருந்தாளி, நடக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

மூன்றாவது பிரெட் நாளன்று, அலுவலகத்துக்குப் போகும் வழியில் படகு ஜெட்டிப் பக்கம் உள்ள ஒரு சின்ன ஹோட்டலில் சாயா குடிக்க நுழைந்தேன். மூலை மேஜையில் விருந்தாளி. எதிரே இடியாப்பமும் முட்டைக் கறியும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“ஆக்சுவலி, குட் மார்னிங்” என்றார்.

எனக்கு ஏதோ போலிருந்தது. உட்கார்ந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார்: ஆக்சுவலி, அந்த வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?

“இல்லையே. ஏன்?”

மூன்று நாளாக அடுப்பில் சமையல் இல்லை, பிரெட்தான் வருகிறது என்றார். அந்த அம்மாள் முகத்தில் களை இல்லை. கணவர் தலை குனிந்தே நடக்கிறார். துக்க வீட்டில் போய் இதையெல்லாம் கேட்கக்கூடாது என்று, தான் மாடியில் செருப்பில்லாமல் நடப்பதாகவும், இருமல் வந்தால் தலையணையில் முகத்தை வைத்து இருமுவதாகவும் சொன்னார்.

சாயாவைத் தள்ளி வைத்தேன். யாரும் சாகவில்லை, நீங்கள் எழுதிய மதிப்புரைதான் காரணம் என்றேன். சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் அந்தச் சொல்லைப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் குழம்பிப்போனார். அது மரியாதைச் சொல் இல்லையா?

“யார் சொன்னது?”

“நீங்கள்.”

முதல் நாள் மாலை நான் பேசிய ஒரு மணி நேரத்தை அவர் அப்படியே வைத்திருந்தார். நான் பேசியதில் பாதி அவருக்குப் புரியவில்லையாம். அவர் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊர் சுற்ற வேண்டும் என்று அறுபது வயதுக்கு மேல் கைப்பேசியில் ஆங்கிலம் கற்றுக்கொண்டவர். ஆனால் ஒன்றை மட்டும் கவனித்தாராம். முக்கியமான விஷயம் எதுவானாலும் நான் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். ஆக்சுவலி, டச்சு அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள். ஆக்சுவலி, கொச்சிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மிளகு. வீட்டுக்காரரும் அப்படித்தான்: ஆக்சுவலி, வெந்நீர் வரும். ஆக்சுவலி, ஆட்டோ வந்துகொண்டிருக்கிறது. இந்த ஊரில் பெரிய விஷயங்களுக்கு முன்னால் இந்தச் சொல்லை வைப்பது வழக்கம் என்று புரிந்துகொண்டாராம்.

“அறை சுத்தம். அது சாதாரணம். ஃபேனும் சாதாரணம்” என்றார். “அந்தக் காலைச் சாப்பாட்டைச் சாதாரணமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.”

நான் லத்தீனில் தேடிய சொல், முதல் நாள் மாலை என் வாயிலிருந்து கிளம்பியிருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை கைப்பேசி வழியாக என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. மூன்று அகராதியிலும் இந்த வழித்தடம் இல்லை.

அலுவலகத்துக்குப் போகவில்லை. நேராக எதிர்வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு முறை ‘ஆக்சுவலா’ என்று வாய்க்கு வந்ததை விழுங்கினேன். அது இல்லாமல் வாக்கியம் கிளம்புவது எனக்கு எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கணவர் முதலில் தன் பக்கத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டார். “போலந்துன்னு ஃபாரத்துல அவரே எழுதிக் கொடுத்திருக்கார். சேட்டன் கேக்கலல்லோ.”

மரியாதைச் சொல்லைப் பற்றியோ, டிராமைப் பற்றியோ மனைவிக்கு ஆர்வமில்லை. கடைசியில் கேட்டார்:

“ஜெட்டிக் கடையிலதான பாத்தீய? இடியாப்பமும் முட்டைக் கறியுமா?”

“ஆமாம்.”

“தட்டைக் காலி பண்ணினாரா?”

நினைவுபடுத்திப் பார்த்தேன். “இல்லை. ஒன்றைத் தின்றார். இரண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்தார்.”

அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். மேல்நாட்டில் மிச்சம் வைக்கமாட்டார்கள் என்று நான் சொன்னது அந்தத் தலையாட்டலில் போயிற்று. கணவர் பக்கம் திரும்பாமலே, “பரணில இருந்து அச்சை எடுத்துத் தாங்க. ரெண்டு தேங்காயும் வேணும்” என்றார். கணவர் ஸ்டூலைத் தேடிக்கொண்டு போனார். அந்த அவசரத்தில் பாதி, அவருடைய சொந்தப் பசி என்று நினைக்கிறேன்.

மறுநாள்தான் விருந்தாளியின் கடைசிக் காலை. எனக்கும் அழைப்பு வந்தது. மன்னிப்பா தண்டனையா என்று தெரியாமல் போய் உட்கார்ந்தேன். ஆவி பறக்க இடியாப்பம் வந்தது. சொதி இலேசான மஞ்சளில், மேலே கறிவேப்பிலை மிதக்க வந்தது. விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் சாப்பிட்டார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்த அம்மாள் ‘இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?’ என்று சைகையில் கேட்டார். அவர் வேண்டாம் என்று சைகை காட்டினார். இவர் வைத்தார். அவர் சாப்பிட்டார். இப்படி நான்கு முறை நடந்தது. உலகத்தில் எந்த மொழியும் கலக்காமல் இத்தனை தெளிவாக ஓர் உரையாடலை நான் கேட்டதில்லை. என் தட்டில் துவையல் தீர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அவர் போன பிறகு, ஏதாவது நல்லதாகச் சொல்லி விடைபெற வேண்டுமே என்று, “எப்படியோ, ஒரு சொல்லோட பூர்வீகம் முழுக்கத் தெரிஞ்சுக்கிட்டோம்” என்றேன்.

அந்த அம்மாள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நீங்க லத்தீன் வரைக்கும் போயிட்டு வந்தீய, அண்ணாச்சி. மாடிக்குப் பதினாலு படிதான்.”